செரீங்க சார்

அவருடைய பெயரை இங்கே எழுதப் போவதில்லை. எழுதட்டுமா என்று கேட்டால் "செரீங்க" என்றுதான் சொல்வார். அந்தச் சொல்லை நம்பி ஒருமுறை நான் எழுதியாகிவிட்டது. இன்னொரு முறை எழுத எனக்குத் தைரியம் இல்லை. பிள்ளைகள் அவருக்கு வைத்திருந்த பெயரே போதும். திருப்பூரில் ரயில் பாதைக்குத் தெற்கே, இரண்டு பனியன் கம்பெனிகளுக்கு நடுவில் மாட்டிக்கொண்டிருந்த பழைய நடுநிலைப் பள்ளி ஒன்றில் அவர் தலைமையாசிரியர். பிள்ளைகளுக்கு அவர் செரீங்க சார்.

நான் சங்கரன்கோவில் பக்கத்துக்காரி. மாறுதல் வாங்கிக்கொண்டு அங்கே போய்ச் சேர்ந்த அன்று எனக்கு நாலாம் வகுப்பைக் கொடுத்தார்கள். ஜன்னலுக்கு வெளியே பக்கத்துக் கம்பெனியின் தையல் மெஷின்கள் வரிசையாக ஓடிக்கொண்டிருந்தன. என் குரல் எனக்கே கேட்கவில்லை, வகுப்பை அந்தப் பக்கம் மாற்றித் தாருங்கள் என்று அவரிடம் கேட்டேன். "செரீங்க டீச்சர்" என்றார். ஒரு வாரம் பொறுத்தேன், ஒன்றும் நடக்கவில்லை. மறுபடி போய்க் கேட்டேன். மறுபடியும் செரீங்க. எங்கள் ஊரில் சரி என்றால் சரி, முடியாது என்றால் மூஞ்சிக்கு நேரே முடியாது. இப்படித் தேனாகப் பேசி ஒரு மனிதர் ஏமாற்றுவாரா என்று பொருமிக்கொண்டு சத்துணவுக் கூடத்தில் போய் உட்கார்ந்தேன். அங்கே சமையல் செய்கிற அக்கா முட்டை உரித்தபடியே என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"செரீங்கன்னா செய்யறேன்னு அர்த்தமில்ல கண்ணு. நீ சொன்னது காதுல உழுந்துச்சுன்னு அர்த்தம்."

அதற்குப் பிறகுதான் நான் அவருடைய செரீங்கவைப் படிக்க ஆரம்பித்தேன். தலையை ஆட்டிச் சட்டென்று சொன்னால் அது உண்மையிலேயே சரி. இழுத்துச் சொன்னால் காதில் விழுந்தது என்று மட்டும் பொருள். கண்ணாடியைக் கழற்றி, சட்டை நுனியால் துடைத்துக்கொண்டே சொன்னால் அது முடியாது. முடியாது என்ற சொல்லை அவர் வாயிலிருந்து நான் ஒருநாளும் கேட்டதில்லை. பயந்த சுபாவம் என்று ஆசிரியர்கள் சொல்வார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. கேட்டு வந்த மனிதரை வெறுங்கையோடு திருப்பி அனுப்புவது அவருக்குக் கூச்சமாக இருந்தது, அவ்வளவுதான். அந்தக் கூச்சம் எனக்கு எரிச்சலாகவும் இருக்கும், சில நாள் பிடிக்கவும் செய்யும்.

இந்த மனிதர் வாய் திறந்து நாலு வாக்கியம் சேர்ந்தாற்போலப் பேசியது அந்தக் கட்டடத்தைப் பற்றி மட்டும்தான். பனியன் இந்த ஊருக்கு வருவதற்கு முன்னால் பஞ்சு இருந்தது. அந்தப் பஞ்சுக்குக் குடோனாகக் கட்டியதுதான் எங்கள் பள்ளிக்கூடம். இரண்டு முழ அகல மண்சுவர், மேலே சீமை ஓடு. மாட்டு வண்டி நேராக உள்ளே வரும் அளவுக்கு அகலமான வாசல். நடுக்கூடத்து உத்தரத்தில் ஒரு பெரிய இரும்புக் கொக்கி. தராசைத் தொங்கவிட்டுப் பஞ்சுப் பொதி எடை போட்ட கொக்கி அது. அதில்தான் பள்ளி மணியாக ஒரு தண்டவாளத் துண்டு தொங்கியது. பஞ்சுக்காரர் பிள்ளையில்லாமல் செத்துப்போக, அவர் மனைவி குடோனை நகராட்சிக்கு எழுதி வைத்தாராம். அவர் கேட்டது ஒன்றே ஒன்றுதானாம்: உள்ளே பிள்ளைகள் சத்தம் கேட்டுக்கொண்டே இருக்க வேண்டும்.

சுவரில் உயரத்தில் இருந்த சின்னச் சின்ன ஜன்னல்கள் பஞ்சுக்காக வைத்தவை, கீழே இருந்த பெரிய ஜன்னல்கள் பிள்ளைகளுக்காக நகராட்சி உடைத்து வைத்தவை என்று ஒருநாள் விரலை நீட்டிக் காட்டினார். பொதியை வாசல் பக்கம் உருட்டுவதற்கு வாகாகத் தரையைச் சரிவாகப் போட்டிருந்தார்கள். இடையில் சுவர் கிடையாது, மூங்கில் தட்டிகள்தான். என் வகுப்பில் கீழே விழுந்த பென்சில் உருண்டு உருண்டு மூன்றாம் வகுப்பைக் கடந்து இரண்டாம் வகுப்பில் போய்த்தான் நிற்கும். இரண்டாம் வகுப்புப் பிள்ளைகள் பென்சில் வாங்கியதே இல்லை என்று நாங்கள் கேலி பேசுவோம். கோடையில் காற்றடித்தால் ஓட்டு இடுக்கிலிருந்து பஞ்சு உதிரும். அது பக்கத்துக் கம்பெனித் தூசு என்பேன் நான். அவர் ஒரு துணுக்கை எடுத்து விரல்களுக்கிடையில் இழுத்துப் பார்த்துவிட்டு, "இது அந்தக் காலத்துப் பஞ்சுங்க டீச்சர்" என்பார். நிரூபிக்க முடியாது, மறுக்கவும் முடியாது.

திருப்பூர் மாநகராட்சியானபோது வாசல் பலகையை மாற்ற வந்த பெயின்டர், நகராட்சி என்ற எழுத்துக்கு முன்னால் இடமில்லாமல் "மா" என்பதைக் குட்டியாக மேலே தொற்ற வைத்துவிட்டுப் போனார். சரியாக எழுதச் சொல்லுங்கள் சார் என்றேன். அந்த மா பார்க்கச் சின்னப் பிள்ளை தோள்மேல் உட்கார்ந்த மாதிரி இருக்கிறது, இருக்கட்டும் என்றார்.

பழைய சேர்க்கைப் பதிவேடுகளை அவர் பீரோவில் துணி சுற்றி வைத்திருந்தார். ஒரு மழை நாளில், பிள்ளைகள் குறைவாக வந்திருந்தபோது, எனக்குப் பிரித்துக் காட்டினார். தந்தை தொழில் என்ற பத்தியை மட்டும் பார்த்துக்கொண்டே வரச் சொன்னார். முதல் நோட்டில் பண்ணையம், பஞ்சு வியாபாரம், வண்டியோட்டம். அடுத்ததில் மில் வேலை. அப்புறம் பக்கம் பக்கமாகப் பனியன் கம்பெனி. அதுவே பிறகு கட்டிங், டெய்லர், செக்கிங், அயர்ன் என்று பிரிந்துகொண்டது. சொந்த ஊர் என்ற பத்தியில் அவினாசியும் பல்லடமும் போய், மதுரை, தேனி, திருநெல்வேலி வந்தன. கடைசி நோட்டில் பீகார், ஒடிசா. "ஊரே இதுல ஏறி வந்துட்டுப் போயிருக்குதுங்க" என்றார். எனக்கு அன்று அந்த ஓட்டுக் கூரையின்மேல் திடீரென்று பிரியம் வந்தது. அதையும் இங்கே சொல்லிவிட வேண்டும்.

அவருடைய செரீங்கவைக் கேட்டவர்களெல்லாம் தங்களுக்கு வாகாக எடுத்துக்கொண்டார்கள். பக்கத்துக் கம்பெனி முதலாளி வந்து, வெட்டுத்துணி மூட்டைகளை உங்கள் வராந்தாவில் இரண்டு நாள் வைத்துக்கொள்ளட்டுமா என்று கேட்டார். இழுத்து ஒரு செரீங்க. மறுநாள் காலை நாங்கள் வந்தபோது வராந்தா முழுக்க மூட்டை. இரண்டு நாள் இரண்டு மாதம் ஆனது. பிள்ளைகள் மூட்டைமேல் உட்கார்ந்து மதியச் சோறு சாப்பிட்டார்கள். நான் கத்தினேன். அவரோ மூட்டைகளுக்கு நடுவில் பிள்ளைகள் நடக்க ஒரு வழி ஒதுக்கிக்கொண்டிருந்தார். "கேட்டுட்டாருங்களே டீச்சர்" என்றார்.

ஆனால் அந்தச் சட்டென்ற செரீங்கவும் எனக்குத் தெரியும். மாற்றுச் சான்றிதழ் இல்லாமல், பிறப்புச் சான்றிதழ் இல்லாமல், வருஷத்தின் நடுவில் கைக்குழந்தையோடு வாசலில் வந்து நிற்கிற அம்மாக்களிடம் மற்றப் பள்ளிகள் அது வேண்டும் இது வேண்டும் என்று சொல்லி அனுப்பும். இவர் தலையை ஆட்டி ஒரு செரீங்க சொல்லிவிட்டுப் பதிவேட்டைத் திறப்பார். ஒடிசாவிலிருந்து வந்த ஒரு அயர்ன் மாஸ்டர் அப்படித்தான் தன் மகளைக் கூட்டி வந்தார். பிங்கி என்று பெயர். தமிழ் ஒரு சொல் தெரியாது, அப்பனுக்கும் மகளுக்கும். அவர் கையை ஆட்டி ஆட்டி என்னவோ இந்தியில் சொல்ல, சார் செரீங்க செரீங்க என்று எழுதிக்கொண்டே போனார். பேனாவை மூடியதும் அந்த மனிதர் இரண்டு கையையும் கூப்பி, "செரீங்க சார்" என்றார். அவர் கற்ற முதல் தமிழ்ச் சொல் அதுவாகத்தான் இருக்க வேண்டும். பிங்கியின் தம்பி, எங்கள் கட்டடத்தின் கோடியில் இருந்த அங்கன்வாடிக்கு வந்தான். அவனை அங்கே விட்டுவிட்டு அவள் என் வகுப்புக்கு வருவாள். அம்மா அப்பா இருவரையும் கம்பெனி வேன் காலையிலேயே ஏற்றிக்கொண்டு போய்விடும்.

ஒருநாள் காலை வழிபாடு நடந்துகொண்டிருக்கும்போது உள்ளே சத்தம் கேட்டது. ஓடிப் போய்ப் பார்த்தால் என் வகுப்பில் மூன்று ஓடுகள் விழுந்து உடைந்து கிடந்தன. பிங்கி உட்காருகிற இடம். பெஞ்சின் மேல் அவள் பையும் தண்ணீர் பாட்டிலும் இருந்தன, பாட்டில் நசுங்கியிருந்தது. ஓட்டுத் துண்டுகளைப் பொறுக்கி வெளியே கொண்டுபோய்ப் போட்டேன். அன்றிலிருந்து பாடம் நடத்தும்போதே என் கண் மேலே போய்விடும். ஓட்டைத் தாங்குகிற மரச் சரத்தில் கரையான் இருப்பது தெரிந்தது. சாரிடம் சொன்னேன். சட்டென்ற செரீங்கதான். அன்று மாலையே மனு எழுதி, தானே எடுத்துக்கொண்டு போனார்.

மனுவின் பலனாக ஒரு கூட்டம் வைத்தார்கள். பள்ளி மேலாண்மைக் குழுவின் கூட்டம். காலையில் நாற்காலி போடும்போது சார் என்னிடம் மெதுவாகச் சொன்னார்: "சுவரு கல்லாட்ட இருக்குதுங்க டீச்சர். கூரைய மட்டும் மாத்துனாப் போதும். பிரிச்சுட்டா இங்க திரும்பக் கட்ட மாட்டாங்க. பெரிய ரோட்டுக்கு அக்கட்ட இருக்கற இஸ்கூலுக்கு அனுப்புனா, அந்த ரோட்டத் தாண்டி இந்தப் புள்ளைங்க வராதுங்க. இதைய இன்னைக்குச் சொல்லிப் போடோணும்." சொல்லுங்க சார் என்றேன். நோட்டும் பேனாவும் என்னிடம் இருந்தன. கையெழுத்து நன்றாக இருக்கும் என்று தீர்மானம் எழுதுகிற வேலை எப்போதும் எனக்குத்தான்.

அந்தக் கொக்கிக்கு நேர் கீழேதான் உட்கார்ந்தோம். பொறியாளர் வந்திருந்தார், ஒரு கல்வி அதிகாரி வந்திருந்தார். குழுத் தலைவி ஒரு பிள்ளையின் அம்மா. கம்பெனியில் ஒரு மணி நேரம் பர்மிஷன் கேட்டு வந்திருந்தார். பொறியாளர் நல்ல மனிதர், இரண்டு வழியையும் சொன்னார். சரங்களை மாற்றிக் கூரையைப் புதுப்பிக்கலாம், ஆனால் அதற்கு அனுமதி வாங்கி வர நாளாகும். இல்லையென்றால் மொத்தமாக இடித்துவிட்டுப் புதிதாகக் கேட்கலாம், அதுவரை பிள்ளைகள் பெரிய ரோட்டுக்கு அந்தப் பக்கத்துப் பள்ளியில் இருக்கலாம். அவர் சொல்லச் சொல்ல சார் செரீங்க, செரீங்க என்று கேட்டுக்கொண்டிருந்தார். குழுத் தலைவி மணியைப் பார்த்துக்கொண்டே, எதையாவது சீக்கிரம் செய்யுங்கள் என்றார்.

அதிகாரி, எங்கள் சார் பக்கம் திரும்பினார். சார் தொண்டையைச் செருமிக்கொண்டு, "ஏனுங்க, சுவரு வந்துங்க..." என்று ஆரம்பித்தார். நாளைக்கு ஒரு ஓடு ஒரு பிள்ளை தலையில் விழுந்தால் நீங்களா நானா பதில் சொல்வது என்று அதிகாரி கேட்டார். அவர் கோபமாகக் கேட்கவில்லை, உண்மையிலேயே பயந்து கேட்டார். "இடிச்சிரலாம். என்ன சார், சரிதானே?"

சார் கண்ணாடியைக் கழற்றினார். சட்டை நுனியை எடுத்துத் துடைத்தார். இரண்டு பக்கமும் துடைத்தார். "செரீங்க" என்றார்.

"எச்.எம். சரின்னுட்டார். எழுதிக்குங்க டீச்சர்."

நான் அந்தக் கண்ணாடியைப் பார்த்தேன். அதற்கு என்ன அர்த்தம் என்று அந்தக் கூடத்தில் எனக்குத்தான் தெரியும். சார் அப்படிச் சொல்லவில்லை என்று நான் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். மூஞ்சிக்கு நேரே பேசுகிற ஊரிலிருந்து வந்தவள்தானே. ஆனால் அந்த நேரத்தில் எனக்கு நசுங்கிய பாட்டில்தான் கண்ணுக்குள் நின்றது. அந்தக் கூரை போய்த் தொலைந்தால் நிம்மதி என்று இருந்தது. எனக்கு வேண்டிய சரியை அவர் வாயிலிருந்து எடுத்துக்கொண்டேன், அந்தக் கம்பெனி முதலாளி எடுத்துக்கொண்ட மாதிரியே. பழைய கட்டடத்தை இடித்து அகற்றத் தலைமையாசிரியர் முழுச் சம்மதம் தெரிவித்தார் என்று எழுதினேன். முழு என்ற சொல்லை யாரும் கேட்கவில்லை. எழுத்து வேகத்தில் நானே சேர்த்தேன்.

எல்லாரும் கையெழுத்துப் போட்டுவிட்டுக் கிளம்பிய பிறகு நோட்டு அவரிடம் வந்தது. வெகுநேரம் படித்தார். சம்மதம் என்ற சொல்லுக்குக் கீழே விரலை வைத்துக்கொண்டு என்னை நிமிர்ந்து பார்த்தார். அடித்து எழுதச் சொல்வார் என்று நினைத்தேன். சொல்லியிருந்தால் அடித்திருப்பேன்.

"எழுத்து நெம்ப நல்லா இருக்குதுங்க டீச்சர்" என்று சொல்லிக் கையெழுத்துப் போட்டார்.

கோடை விடுமுறையில் இடித்தார்கள். கூரையை ஒரே நாளில் பிரித்துவிட்டார்கள். சுவருக்கு ஜே.சி.பி. நான்கு நாள் திணறியது. ஓட்டுநர் இறங்கி வந்து, எந்தக் காலத்துச் சுவர் சாமி இது என்று சாரிடமே கேட்டார். சுவர் உடைய உடைய உள்ளிருந்து பஞ்சு கிளம்பியது. மண் குழைக்கும்போது சேர்த்திருப்பார்கள் போல, மங்கிய மஞ்சளில் திப்பி திப்பியாக வந்து தெருவெல்லாம் மிதந்தது. சார் வாசலில் நின்று ஒரு துணுக்கைப் பிடித்து என்னிடம் நீட்டினார். கம்பெனித் தூசு என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அந்த நேரத்தில் கான்ட்ராக்டர் வந்து, கொக்கியும் தண்டவாளத் துண்டும் நல்ல இரும்பு, மற்ற இரும்போடு லாரியில் ஏற்றிவிடட்டுமா என்று கேட்டார். சார் கண்ணாடியைக் கழற்றினார். "செரீங்க" என்றார். கான்ட்ராக்டர் லாரியைப் பார்த்துக் கையை ஆட்டினார். நான் ஓடினேன். நிறுத்தச் சொல்லிக் கத்திக்கொண்டே, லாரி தெருமுனை திரும்பும்வரை ஓடினேன்.

ஜூனில் பெரிய ரோட்டுக்கு அந்தப் பக்கம் பள்ளி திறந்தபோது எங்கள் பிள்ளைகளில் பாதிப் பேர் வரவில்லை. அங்கன்வாடியை வேறெங்கோ தூரத்தில் மாற்றியிருந்தார்கள். தம்பியைப் பார்த்துக்கொள்ள ஆளில்லாமல் பிங்கி வீட்டில் தங்கிவிட்டாள். சார் வகுப்பு முடிந்ததும், கம்பெனி ஆட்கள் வரிசையாகக் குடியிருக்கும் லைன் வீடு லைன் வீடாகப் போனார். ஒரு ஞாயிற்றுக்கிழமை நானும் கூடப் போனேன். ஒற்றை அறை, வாசலில் பிங்கி தம்பியை இடுப்பில் வைத்துக்கொண்டு நின்றாள். நான் நாலாம் வகுப்பில் சொல்லிக்கொடுத்த வாய்ப்பாட்டை அவனுக்குச் சொல்லிக்கொண்டிருந்தாள். அவளுடைய அப்பா எழுந்து வந்தார். இப்போது அவருக்குத் தமிழ் நன்றாகவே புரிந்தது. தம்பியையும் கூட்டி வரட்டும், வகுப்பிலேயே உட்கார வைத்துக்கொள்ளலாம், நானே வந்து ரோட்டைக் கடத்திவிடுகிறேன், பிள்ளையை நிறுத்திவிடாதீர்கள் என்று சார் மன்றாடினார். அந்தக் கட்டடத்தைத் தவிர வேறெதற்கும் அவர் அத்தனை வார்த்தை சேர்ந்தாற்போலப் பேசி நான் கேட்டதில்லை.

அந்த மனிதர் தலையைக் குனிந்து, கை கூப்பி, இழுத்து, "செரீங்க சார்" என்றார்.

சார் என்னைப் பார்த்தார். இரண்டு பேருக்கும் புரிந்துவிட்டது. பிங்கி வரவேயில்லை. அடுத்த முறை போனபோது அந்த அறையில் வேறு குடும்பம் இருந்தது.

பள்ளி இருந்த இடத்தில் இப்போது கம்பெனிக்காரர்களின் வண்டிகள் நிற்கின்றன. புதுக் கட்டடத்துக்கான கோப்பு எங்கோ இருக்கிறதாம். எங்கள் பள்ளியை ரோட்டுக்கு அந்தப் பக்கத்துப் பள்ளியோடு சேர்த்துவிட்டார்கள். பலகையை எடுத்துச் சுவரோரமாகச் சாத்தி வைத்திருக்கிறார்கள், தோள்மேல் உட்கார்ந்த அந்த மா எழுத்தோடு. சார் ஓய்வு பெற்று அனுப்பர்பாளையத்தில் மகன் வீட்டில் இருக்கிறார் என்று கேள்விப்பட்டும் போகாமல் நாளைக் கடத்தினேன். போன மாதம்தான் போனேன்.

பக்கத்திலேயே பாத்திரப் பட்டறை. தட்டுகிற சத்தத்தில் உரக்கத்தான் பேச வேண்டியிருந்தது. மெலிந்திருந்தார். "வாங்க டீச்சர், ஊட்டுல எல்லாரும் சௌக்கியங்களா?" என்று கேட்டுக் காபி வரவழைத்தார். நான் காபியைத் தொடவில்லை. பேருந்தில் வரும்போது நெட்டுருப் போட்டிருந்ததை எல்லாம் மறந்துவிட்டேன்.

"அன்னைக்கி நீங்க சரின்னு சொல்லல சார். எனக்குத் தெரியும். தெரிஞ்சுதான் எழுதினேன். என்னைய மன்னிச்சிருங்க."

அவர் கண்ணாடியைக் கழற்றினார். வேட்டி நுனியை எடுத்தார். துடைத்தார். பட்டறைச் சத்தத்தில் கேட்டிருக்காது என்று எண்ணிக்கொண்டு இன்னும் உரக்க இன்னொரு முறை சொன்னேன். கண்ணாடியை மாட்டிக்கொண்டு, காபித் தம்ளரை என் பக்கமாக நகர்த்தி வைத்தார்.

"செரீங்க டீச்சர்" என்றார்.

காதில் விழுந்துவிட்டது.